பேட்டரி இல்லாத பிக்கப்

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். சேர்லயே உட்காருங்க. கித்தார இப்படிக் குடுங்க, பாப்போம். ம்... நல்ல கட்டைதான். சும்மாவே மாட்டி வச்சிருந்தீங்களோ? ஆக்டிவ் போடலாமா, பாஸிவ் போடலாமான்னு கேக்குறீங்க. திருச்சியில இந்தக் கேள்விய என்கிட்ட வந்து கேக்காத கித்தார்க்காரன் கிடையாது சார். பாலக்கரை மாடியில நாகரத்தினம்னு ஒருத்தன் இருக்கான், பிக்கப் மாத்துறதுல அவன அடிச்சுக்க ஆளில்லன்னு சொல்லித்தான உங்கள அனுப்புனாங்க? கூடவே குரலத் தாழ்த்தி இன்னொண்ணும் சொல்லியிருப்பாங்க. தலைய ஆட்டாதீங்க, சொல்லியிருப்பாங்க. அதையும் நானே சொல்லிடுறேன். கண்டவன் வாயால கேக்குறதுக்கு என் வாயால கேட்டுட்டுப் போங்க.

முதல்ல உங்க கேள்வி. கம்பிக்குக் கீழ இருக்கே ரெண்டு கறுப்புக் கட்டை, அதான் பிக்கப். பாஸிவ்னா உள்ள ஒரு காந்தம், அதச் சுத்தி தலைமுடியவிட மெல்லிசா செம்புக் கம்பி, ஆயிரக்கணக்குல சுத்து. வேற ஒண்ணுமே கிடையாது. மேல கம்பி அதிர்ந்தா கீழ கரண்ட் பிறக்குது. நீங்க மெதுவாத் தொட்டா அது மெதுவாப் பேசும், ஓங்கி அடிச்சா கத்தும். உங்களுக்கு மனசு சரியில்லன்னா அதுக்கும் சரியிருக்காது. ஆக்டிவ்ல சுத்து கம்மி. கம்மியாச் சுத்திப்புட்டு, உள்ளயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர வச்சு, ஒம்பது வோல்ட் பேட்டரிய மாட்டி, சத்தத்த ஊதிப் பெருசாக்கி வெளிய விடுறான். இரைச்சல் இருக்காது, ஒத்துக்கிறேன். கேபிள எவ்வளவு நீளம் இழுத்தாலும் சத்தம் மங்காது, அதையும் ஒத்துக்கிறேன். நியாயத்தச் சொல்லணும்ல. ஆனா தொட்டாலும் அதே சத்தம், அடிச்சாலும் கிட்டத்தட்ட அதே சத்தம். பவுடர் போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிற முகம் மாதிரி இருக்கும் சார். அதுல எங்க இருக்கு உசிரு?

பேட்டரி போட அது என்ன சுவர்க் கடிகாரமா?

சரி, கதைக்கு வர்றேன். எனக்கு ஒரே தங்கச்சி, கோகிலா. அவ வீட்டுக்காரன் சிவநேசன். வாய் நிறைய மாப்ளன்னுதான் கூப்பிடுவேன். எங்க மெல்லிசைக் குழுவுல நான் கீபோர்டு, குழுவும் என்னுது. மாப்ள கித்தாரும் பாட்டும். வாசிச்சுக்கிட்டே பாடுவான். அந்த மாதிரி ரெண்டையும் ஒண்ணாப் பண்றவன் நம்ம பக்கத்துல அபூர்வம் சார். குழுவுல சேந்து கொஞ்ச நாள்லயே இவன வெளிய விடக் கூடாதுன்னு முடிவு பண்ணி, நானே பேசி, என் தங்கச்சியக் கட்டி வச்சேன். அவங்களுக்கு ஒரே பொண்ணு, யாழினி. அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சப்ப அம்மாவுக்கு முன்னால மாமான்னுதான் சொன்னா. அத இன்னைக்கும் கோகிலா இல்லன்னு சொல்ல முடியாது.

மாப்ள தன் கித்தார்ல ஆக்டிவ் பிக்கப் போட்டிருந்தான். ஏன்டான்னு கேட்டா, "மச்சான், பாஸிவ் இருந்தப்ப மைக்ல வாய் பட்டா சுருக்குன்னு அடிச்சிச்சு. ரெண்டு மூணு மேடையில உதட்டப் புடிச்சு இழுத்திருச்சு. இதுல அந்தத் தொல்லை இல்ல"ன்னான். அவன் சொன்னது நிஜந்தான். பாஸிவ்ல ஒரு வயர் உண்டு. கம்பியெல்லாம் போய் உட்கார்ற இரும்புத் துண்டு இருக்குல்ல, பிரிட்ஜு, அதுக்குக் கீழேருந்து ஒரு வயர இழுத்து உள்ள ஈயத்த உருக்கி சால்டர் வைப்போம். அது கேபிள் வழியாப் போய், வெளிய நிக்கிற பெரிய ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப், அதோட எர்த்துல சேரும். கம்பியில கைய வச்ச உடனே இரைச்சல் அடங்குதுல்ல, அது அந்த வயராலதான். அதாவது வாசிக்கிறவன் கைக்கும் ஆம்ப்போட இரும்புப் பெட்டிக்கும் எந்நேரமும் தொடுப்பு. ஆம்ப் யோக்கியமா இருந்தா ஒண்ணும் இல்ல. பெட்டியில கரண்ட் இறங்கியிருந்தா அது கம்பிக்கு வரும், கம்பியிலேருந்து கைக்கு வரும். வாய் மைக்ல இருக்கும், மைக் எர்த்துல இருக்கும். நடுவுல ஆளு. மாப்ள போட்டிருந்த ஆக்டிவ்ல அந்த வயரே தேவையில்ல. கம்பியில எர்த்து குடுக்காதன்னு அதோட வந்த தாள்லயே போட்டிருந்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. அந்தத் தாள அவனுக்குப் படிச்சுச் சொன்னதே நான்தான்.

சும்மா இருந்த என்னக் கிளறி விட்டது ஒரு கல்யாண ரிசப்ஷன். தில்லைநகர்ல பெரிய இடம். ஆக்டிவ்ல ஒரு கோளாறு உண்டு சார். கேபிள் சொருகியே இருந்தா பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், உருவினாத்தான் நிக்கும். முந்தின நாள் ஒத்திகை முடிச்சுட்டு மாப்ள கேபிள உருவாம வச்சுட்டான். பாதிப் பாட்டுல கித்தார் சளி பிடிச்சவன் மாதிரி கரகரத்துச்சு, அப்புறம் செத்தே போச்சு. முன்வரிசையில ஒருத்தன், "செல்லு மாத்துங்கப்பா, ரேடியோ நின்னுபோச்சு"ன்னு கத்துறான். மண்டபமே சிரிக்குது. மணமேடையில இருந்த பொண்ணும் சிரிக்குது. அத்தனை வருஷம் குழு நடத்தி எனக்கு அப்படி ஒரு அவமானம் வந்ததில்ல. மாப்ளையும் சிரிச்சுக்கிட்டே பேட்டரி மாத்துறான் சார்! அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சித்திரைத் திருவிழா சீசன் தொடங்குறதுக்கு முன்னால மாப்ள ஒரு வேலையா ஊருக்குப் போயிருந்தான். நான் வீட்டுக்குப் போய்க் கித்தார எடுத்தேன். கோகிலா அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, "அவரு சொன்னாராண்ணே?"ன்னா. "நான் சொல்றேன்ல, கழுத்துல ஃப்ரெட்டுப் பட்டையெல்லாம் கறுத்துக் கெடக்கு, துடைச்சுத் தர்றேன்"னு தூக்கிட்டு வந்துட்டேன். இதோ இந்த மேசையிலதான். ஆக்டிவக் கழட்டிக் கடாசிட்டு, நானே தேடிப் பிடிச்சு வச்சிருந்த பழைய பாஸிவ் ஜோடிய மாட்டினேன். பிரிட்ஜுக்குக் கீழ வயர் இழுத்தேன். ஆம்ப்ல போட்டு ஒரு தட்டுத் தட்டினேன் பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்படி ஒரு சத்தம்.

மாப்ள வந்து வாசிச்சுப் பாத்தான். அப்புறம், "மச்சான், சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பழசே வேணும்"ன்னான்.

"ஏன்டா, பயமா?"ன்னேன்.

"பயந்தான் மச்சான். எனக்கு ஒரு பொண்ணு இருக்கு"ன்னான்.

ஆம்பளை பேசுற பேச்சா சார் அது? ட்ரம்ஸ் வாசிக்கிற பையலுக எல்லாம் இருந்தானுக. நான் சிரிச்சேன், அவனுகளும் சிரிச்சானுக. மாப்ளைக்கு முகம் சிவந்துபோச்சு. "இந்த சீசன் மட்டும் வாசி. முடிஞ்சதும் நானே மாத்தித் தர்றேன்"னேன். "மைக்குக்கு ஸ்பாஞ்சுக் குல்லா போட்டுக்க, உதட்டுல படாது"ன்னும் சொன்னேன். அவன் பாதுகாப்புக்கு நான் யோசிக்கலன்னு எவனும் சொல்ல முடியாது. குல்லா வாங்கிக் குடுத்ததும் நான்தான்.

சீசன் பாதி ஓடிருச்சு, லால்குடி தாண்டி ஒரு ஊரு. பேரு வேண்டாம், அந்த ஊர்க்காரங்க மேல எனக்குக் கோவமில்ல. மத்தியானம் மழை கொட்டித் தீத்துச்சு. சாயங்காலம் விட்டுருச்சு. மேடையில பலகை ஊறிப்போய்க் கெடக்கு. சுத்தி சீரியல் லைட்டு செட்டு, பின்னால ஜெனரேட்டர். சவுண்டு செட்டு சகாயத்தோடது. நம்ம மேடைக்கெல்லாம் அவன்தான் போடுவான். ஆம்ப்ப ஆன் பண்ண உடனே கித்தார்லேருந்து 'ங்ங்ங்'னு ஒரே இரைச்சல். அவ்வளவு லைட்டு இருந்தா பாஸிவ் இரையத்தான் செய்யும், அது அதோட சுபாவம். விழாக் கமிட்டி ஆளு ஒருத்தர் மேடைக்கே வந்து, "என்னய்யா, கச்சேரியா மாவு மில்லா?"ன்னு கேட்டுட்டுப் போறார்.

எனக்கு எப்படி இருக்கும்? மாப்ள வேற என்னப் பாத்துக்கிட்டே நிக்கிறான். 'நான் அப்பவே சொன்னேன்ல'ங்கிற பார்வை. சகாயத்தக் கூப்பிட்டு வச்சு மைக்லயே வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவன் ஓடி வந்து ஆம்ப் ப்ளக்கக் கைல எடுத்துக்கிட்டு, "அண்ணே, எர்த்தக் கழட்டிரவா? இரைச்சல் நின்னுரும்"னான். "எதையாவது பண்ணித் தொலை, எனக்குச் சத்தம் நிக்கணும்"னேன். இவ்வளவுதான் சார் நான் சொன்னது. கழட்டுன்னு சொன்னேனா? நீங்களே சொல்லுங்க. எர்த்தக் கழட்டினா இரைச்சல் அடங்கும்னு சவுண்டு செட்டுக்காரன் எவனுக்கும் தெரியும், எத்தனையோ மேடையில கழட்டியிருக்கான். நல்ல பழக்கம்னு நான் சொல்ல வரல. பழக்கம். அவன் கழட்டினான், இரைச்சல் நின்னுச்சு.

மாப்ள மைக்குகிட்ட வந்தான். குல்லா மழையில நனைஞ்சு சொட்டுச் சொட்டா வடியுது. அத நான்தான் உருவி ஓரமா வச்சேன். நனைஞ்ச பஞ்சுக்குள்ள பாடினா குரல் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்காதா?

முதல் பாட்டு அம்மன் பாட்டு, அது வேற ஆளு பாடினது. மாப்ள வாசிச்சான், அம்சமா வந்துச்சு. ரெண்டாவது பாட்டு அவனோடது. முன்னிசை முடிஞ்சு, பல்லவி எடுக்க மைக்குல வாய வச்சான். இடது கை கம்பிய இறுக்கிப் பிடிச்சிருக்கு. கித்தார்லேருந்து ஒரு நீட்டல் வந்துச்சு சார். அடிவயித்துலேருந்து கிளம்புன மாதிரி. விடவே மாட்டேங்குது. கூட்டத்துல விசில் பறக்குது. நான் கீபோர்டுலேருந்து கட்டை விரலத் தூக்கிக் காட்டி, "அப்படித்தான் மாப்ள, விடாத"ன்னு கத்தினேன்.

அவன் விடத்தான் பாத்திருக்கான். கை விடல.

சகாயம்தான் முதல்ல பாத்தவன். ஓடிப் போய் மெயின் சுவிட்ச அணைச்சான். எல்லா லைட்டும் அணைஞ்சுது. மாப்ள கித்தாரோட விழுந்த சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. என் மடியிலதான் தலை இருந்துச்சு. உதடு மட்டும் கறுத்திருந்துச்சு, மத்தபடி தூங்குற மாதிரி இருந்தான். நான் அழலன்னு நினைக்கிறீங்களா சார்? இப்பவும் அழுகை வருது. அழுதா மட்டும் யாரு நம்புறா?

அப்புறம் போலீஸு, எலக்ட்ரிகல் அதிகாரி, விசாரணை. ஆம்ப்பப் பிரிச்சாங்க. உள்ள பழைய ட்ரான்ஸ்ஃபார்மர், ஈரம் ஏறி, பெட்டியில கரண்ட் இறங்கியிருக்கு. எர்த்து இருந்திருந்தா அதுல போயிருக்கும். இல்லாததால கம்பிக்கு வந்துருச்சு. அடுத்து கித்தாரப் பிரிச்சாரு அந்த அதிகாரி. கோகிலாவும் அங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. வயரப் பென்சிலால தொட்டுக் காட்டி, "இத யாரு வச்சது?"ன்னாரு. "நான்தான் சார்"னேன். அவ்வளவு நாள் மேடையில அடிபட்டும் அந்த சால்டர் வெள்ளி மாதிரி மின்னுது. அதிகாரியே, "சுத்தமான வேலை"ன்னாரு. எனக்கு அந்தத் துக்கத்துலயும் ஒரு நிமிஷம்... சரி விடுங்க. கோகிலா எந்திரிச்சு வெளிய போயிட்டா.

கேஸு சகாயத்து மேல. அதான நியாயம்? எர்த்தக் கழட்டினது அவன். அந்தப் பய என்ன பண்ணினான் தெரியுமா? காரியத்தன்னைக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னான். சொந்தக்காரங்க எல்லாம் அடிக்கப் போனாங்க. அவன் கையக் கட்டிக்கிட்டு, "அக்கா, நான்தான் எர்த்தக் கழட்டுனேன். என் கையாலதான் போச்சு. என்ன வேணா பண்ணுங்க"ன்னான். கோகிலா உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தா சார்! புருசனக் கொன்னவனுக்கு!

அன்னைக்கே நானும் உட்கார்ந்து அவளுக்குப் பொறுமையா விளக்கினேன். ஜெனரேட்டர், மழை, ட்ரான்ஸ்ஃபார்மர், எல்லாத்தையும். அவ கடைசி வரைக்கும் கேட்டா. கேட்டுட்டு, "அண்ணே, நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. 'என் கையும் இதுல இருக்கு'ன்னு சொல்லு. சொல்லிட்டு எப்ப வேணா உள்ள வா, சோறு போடுறேன். அது வரைக்கும் வராத"ன்னா. மூணு வருஷம் ஆச்சு சார். தீபாவளி, பொங்கல் எல்லாத்துக்கும் போறேன். கேட்டுக்கு வெளியேதான். அவ வந்து, "சொல்றியாண்ணே?"ன்னு கேப்பா. சத்தம் போட மாட்டா. நான் விளக்க ஆரம்பிப்பேன். அவ உள்ள போயிருவா.

செய்யாத தப்ப எப்படி சார் செஞ்சேன்னு சொல்றது? எர்த்தக் கழட்டாம இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. மழை பெய்யாம இருந்தா ஆகியிருக்காது. அவன் வாய் மைக்ல படாம இருந்தா ஆகியிருக்காது. இத்தனை இருக்குறப்ப என் வயரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

யாழினி ஒருநாள் இங்கயே வந்தா. வளர்ந்துருச்சு, காலேஜ் முடிச்சுருச்சு. "மாமா, அம்மா கேக்குறத ஒரு வார்த்தை சொல்லிடேன் மாமா"ன்னு அழுகுது. எனக்கு மனசு கேக்கல. அந்தச் சிலேட்டுப் பலகைய எடுத்து, ஜெனரேட்டர், ஆம்ப், ப்ளக்கு, கித்தார், மைக்கு எல்லாம் வரைஞ்சு, கரண்ட் எப்படிப் போச்சுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டினேன். நல்ல தெளிவான படம் சார். அவ ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, "இதுல அப்பா எங்க மாமா?"ன்னா.

நான் போடல. சர்க்யூட்டுல யாரு சார் ஆள வரைவாங்க? அதச் சொன்னேன். அவ எறங்கிப் போயிட்டா.

வர்ற வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம். எங்க வழக்கத்துல தாய்மாமன் மாலை போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் பொண்ணு மணவறை ஏறும். அப்பன் இல்லாத பொண்ணுக்கு மாமன்தான் எல்லாம். அதோ அந்த ஆம்ப் மேல இருக்கே பை, அது பட்டுப் புடவை. நானே போய் எடுத்தேன், மாம்பழக் கலரு. அந்தப் பொண்ணுக்குப் பிடிச்ச கலரு. பத்திரிகை வரல. வரும், கடைசி நேரத்துல மனசு இளகும்னு இருந்தேன். ஒரு தாய் வயித்துல பிறந்தவ அவ்வளவு கல்லா இருப்பாளா?

நேத்து பூக்கடையில மாலைக்குச் சொல்லப் போனேன். கடைக்காரர், "அந்தக் கல்யாணத்துக்கு மாமன் மாலை ஏற்கெனவே சொல்லியாச்சே"ன்னாரு. யாருன்னேன். "சவுண்டு செட்டு சகாயம்"னாரு.

சகாயம் சார்! கேஸு நடந்துக்கிட்டிருக்கு அவன் மேல. சாதி இல்ல, சனம் இல்ல, சாமிகூட வேற. அவன் கையப் பிடிச்சுக்கிட்டு என் யாழினி மணவறை ஏறப் போறா. ஒரு வார்த்தை சொன்னானாம், அதுக்காக. நான் இங்க உட்கார்ந்து உங்க கித்தாருக்குத் திருகாணி முடுக்கிக்கிட்டு இருப்பேன். வயிறு எரியுது சார். அன்னைக்கு மாப்ள போனான், இன்னைக்கு இதுகளும் என்ன விட்டுப் போகுதுக.

சரி, உங்க நேரத்தையும் கெடுத்துக்கிட்டு. சால்டர் வைக்கிற இரும்பு சூடாயிருச்சு. இவ்வளவு நேரம் சொன்னதுலேருந்தே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், பாஸிவ்தான். என்கிட்ட ஒரு நல்ல ஜோடி இருக்கு, மாட்டித் தர்றேன். உங்க விரல் என்ன நினைக்குதோ அத அப்படியே பேசும். வயர் இழுத்து ஒரு சால்டர் வச்சா, ஆயுசுக்கும் அசையாது. எங்க வாசிப்பீங்க? வீட்டுலயா? ஆபீஸ் குழுவா... பரவாயில்லயே. மேடையா?

என்ன சொன்னீங்க?

நீங்கதான் பாடுறதுமா? வாசிச்சுக்கிட்டேவா? மைக்குகிட்ட நின்னா, இல்ல சும்மா கோரஸ் மாதிரியா... நீங்கதான் மெயினா. ம்.

இருங்க. இருங்க சார், கை சுட்டுக்கிச்சு, ஒண்ணுமில்ல. இந்த இரும்ப அணைச்சுடுறேன். பிள்ளைங்க இருக்கா உங்களுக்கு? ரெண்டா.

இங்க பாருங்க, கித்தார எடுத்துக்குங்க. உறையில போடுங்க. நீங்க ஆக்டிவே வாங்கிட்டு வாங்க. ஆமா, பேட்டரி போட்டதுதான். கம்பியில எர்த்து குடுக்காதன்னு தாள்ல போட்டிருக்கும் பாருங்க, அந்த ரகமாப் பாத்து வாங்குங்க. வாசிச்சு முடிச்சா கேபிள உருவிடுங்க. இல்ல, என்கிட்ட கொண்டு வர வேண்டாம், வேற யார்கிட்டயாவது குடுத்து மாட்டிக்குங்க. பாடுறவங்க கித்தாருக்கு நான் பாஸிவ் வைக்கிறதில்ல. மூணு வருஷமா வைக்கிறதில்ல. காரணமெல்லாம் ஒண்ணுமில்ல, கை வர மாட்டேங்குது, அவ்வளவுதான்.

பாத்து எறங்குங்க, படி செங்குத்து. சார், ஒரு நிமிஷம். நாகரத்தினம் ஆக்டிவ் வைக்கச் சொன்னான்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கோகிலா காதுக்குப் போச்சுன்னா, நான் ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்குவா.